பிஸ்கட் டப்பாவில் 417

மே 13, புதன்

கத்திரி வெயில். காலை எட்டுக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பூவத்திலிருந்து காரைக்காலுக்கு வண்டியில் போய், ஸ்டேஷனில் துப்பாக்கியை வாங்கி வந்தேன். தேர்தலுக்காக ஒப்படைத்தது. இரண்டு மாதமாகிறது. ரசீது, லைசென்ஸ், ஜெராக்ஸ் இரண்டு. ஜெராக்ஸ் ஒன்று குறைந்தது. எதிர்க் கடையில் கரண்ட் இல்லை. முக்கால் மணி நேரம் போச்சு.

துப்பாக்கியின் மரக்கட்டையில் வெள்ளைப் பூஞ்சை. குழலுக்குள் பார்க்க மனம் வரவில்லை.

திங்கள் முதல் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கலாம். இத்தனை நாள் கையில் மூங்கில் தடி. பென்ஷன் வாங்க வரும் டீச்சரம்மா ஒருவர், "மாடெல்லாம் எங்க மேயுது, தங்கராசு?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். உள்ளே எரிந்தது.

மல்லிகா துப்பாக்கியைப் பார்த்து: "வந்துட்டாளா ஒங்க மூத்த பொண்டாட்டி." வருஷக்கணக்காக இதே பேச்சு. இன்னும் சிரிப்பு வருகிறது.

மே 14, வியாழன்

துடைக்கும் வேலை. கூடத்தில் பழைய வேட்டியை விரித்து, கழற்றிய வரிசையில் இடமிருந்து வலம்: போல்ட், தோள்வார், மேகசின், முன்கட்டை, திருகுகள் (ஹார்லிக்ஸ் மூடியில்). பூட்டும்போது வலமிருந்து இடம். பட்டாளத்தில் பதினேழு வருஷம், ஒரு ஸ்பிரிங்கூடத் தொலைத்ததில்லை. இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எழுதியாயிற்று.

குழலுக்குள் கயிறு விட்டுத் துணி இழுத்தது பன்னிரண்டு முறை. முதல் துணி கறுப்பு. எட்டாவது சாம்பல். பன்னிரண்டாவது வெள்ளை. என்ன ஒரு சந்தோஷம்.

கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய். நல்லெண்ணெய் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தேன். ம. பிடித்துக்கொண்டாள். "புளிக்கொழம்புல இத ஊத்திருந்தா என்னாயிருக்கும்?" நியாயம்தான். பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டினேன்.

பூட்டினேன். எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்தது. கடைசியில் போல்ட், தோட்டாவைக் குழலில் அடைத்துப் பூட்டும் இரும்பு உருளை. பின்னாலிருந்து உள்ளே தள்ளி, அதன் கைப்பிடியைக் கீழே மடக்க வேண்டும். எப்போதும் சுண்டுவிரல் போதும். இன்று உள்ளங்கையால் அழுத்த வேண்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்து மறுபடி துடைத்தேன். மறுபடியும் அதே.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். குழலில் எண் 417. போல்ட்டில் 288. இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

டீ ஆறிப்போனது. குடிக்கவில்லை.

மே 15, வெள்ளி

ம.விடம் சொல்லவில்லை. குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்தேன். வாய்க்கால் உடைந்து பக்கத்து வயலுக்குப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

288 யாருடையது என்று தெரியும். மண்டபத்தூரானுடையது. ஒன்றரை வருஷமாக அவன் பெயரை இந்த நோட்டில் எழுதுவதில்லை. ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தோம், ஒரே வருஷம் திரும்பினோம், ஆளுக்கொரு பேங்கில் ஒரே மாதிரி துப்பாக்கியோடு நின்றோம். டீக்கடையில் அவனுடைய மருமகன் இருக்கும்போது நான்தான் சொன்னேன்: "ஒன் துப்பாக்கில கருவாடு காயப்போடலாம்டா, அவ்வளவு துரு." எல்லோரும் சிரித்தார்கள். மருமகனும். மண்டபத்தூரான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனான். அதோடு பேச்சு நின்றது.

போல்ட் எப்படி மாறியது என்று யோசித்தேன். இப்படித்தான் இருக்க வேண்டும். ஒப்படைத்த அன்று ஸ்டேஷன் வராந்தாவில் எனக்கு அடுத்த இடத்தில் அவன். குழல் காலி என்று காட்டுவதற்காக எல்லோரும் போல்ட்டை உருவி பெஞ்சில் வைத்திருந்தோம். அவன் கையெழுத்துப் போட உள்ளே போனான். அவனுடைய போல்ட்டைப் பார்த்தேன். கடற்காற்றில் செம்மண் அப்பியது மாதிரி துரு. இப்படியே இரண்டு மாதம் கிடந்தால் என்னாவது? கை சும்மா இருக்கவில்லை. என் எண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தேன், என்னுடையதையும் துடைத்தேன். செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாக இரண்டையும் துப்பாக்கிகளில் செருகினேன். மாற்றிச் செருகிவிட்டேன்.

இப்போது என் போல்ட்டை வாங்கப் போனால் இதைச் சொல்லியாக வேண்டும். ஊர் முன்னால் கேலி செய்தவன் ஒளிந்திருந்து துடைத்தேன் என்று. வெட்கக்கேடு.

வழிகள்:
1. இதையே வைத்துக்கொண்டு டூட்டிக்குப் போவது. கூடாது. எண் மாறிய போல்ட்டோடு சுட்டால் முகத்துக்கு ஆபத்து. அவன் முகத்துக்கும்.
2. ஸ்டேஷனில் சொல்வது. இரண்டு லைசென்ஸுக்கும் சிக்கல்.
3. போன். நம்பரை அழித்தாயிற்று. மனப்பாடமாகத் தெரியும் என்பது வேறு விஷயம்.

மே 16, சனி

போகவில்லை. மோட்டாருக்கு கிரீஸ் வைத்தேன், சைக்கிளுக்கும் வைத்தேன்.

ம. கண்டுபிடித்துவிட்டாள். சாம்பாரில் உப்பில்லை, நான் ஒன்றும் சொல்லாமல் தின்றேன். அதில் சந்தேகம். எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பேசாதவரு துப்பாக்கிக்கு எண்ண தடவி வுட்டீங்களா? எங்கிட்ட சண்ட போட்டுட்டு என்னிக்காச்சும் ஒரு டம்ளர் கழுவி வச்சிருக்கீங்களா?"

மோர் ஊற்றிக்கொண்டேன்.

"காலைல போங்க. அந்த அக்காவுக்கு மாங்கா தாரேன். வெறுங்கையோட போவாதீங்க."

மே 17, ஞாயிறு

ஏழு மணிக்குக் கிளம்பினேன். நல்ல காற்று. மாங்காய்ப் பைக்கு அடியில் துணியில் சுற்றிய போல்ட். மண்டபத்தூரில் மீன்பிடித் தடைக்காலம், வலைகள் தெருவெல்லாம் விரித்துக் கிடந்தன. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவன் மனைவி, "வாங்கண்ணே" என்றாள், நேற்றுத்தான் வந்துபோனவனிடம் சொல்வது மாதிரி. மாங்காயை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவன் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி, "வாங்க" என்றான். என்னை. ஒரே தட்டில் தின்றவன். சுருக்கென்றது.

போல்ட்டை ஸ்டூலில் வைத்தேன். "ஸ்டேஷன்ல மாறிப்போச்சு. நான்தான் தொடச்சேன். துருவா இருந்துச்சு." ஒத்திகை பார்த்ததில் இவ்வளவுதான் வந்தது.

பேப்பரை மடித்தான். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து திறந்தான். எண்ணெயில் முழுக்க மூழ்கி என் 417.

"திங்கக்கெழமயே வாங்கியாந்துட்டேன். போல்ட்ட உருவுனா துருவக் காணும். அப்பவே தெரிஞ்சுபோச்சு யாரு கைன்னு. நம்பர அப்புறந்தான் பாத்தேன்."

"ஒரு போன் பண்ணிருக்கலாம்ல?"

"பேசுனவன் நீ. நீதான் வரணும்."

"இவ்வளவு எண்ண எதுக்கு?"

"கடக்கர வீடு. ஒன் சாமான்ல ஒரு புள்ளி துரு ஏறுனா ஊரெல்லாம் சொல்லுவ."

கொல்லைப்பக்கம் அவன் மருமகன் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "அன்னிக்கி டீக்கடையில ஒங்க மாமனாரப் பத்தி நான் பேசுனது தப்பு, மாப்ள."

அவர் வாயில் நுரையோடு விழித்தார். "என்னிக்கி மாமா? என்ன பேசுனீங்க?"

ஒன்றரை வருஷம். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது அவன்தான்.

இட்லி, நேற்றைய மீன் குழம்பு. ஆறு தின்றேன்.

வீட்டுக்கு வந்து பூட்டினேன். சுண்டுவிரலால் மடங்கியது. வேட்டி முழுக்க எண்ணெய். டீ குடித்த டம்ளரை நானே கழுவினேன்.

மாலை ஆறுக்கு போன். அழித்த நம்பர்.

"மடங்குதாடா?"

"மடங்குது. ஒனக்கு?"

"ம். டேய், அந்த எண்ணத் துணிய அடுத்த வாட்டி எனக்கும் ஒண்ணு கொண்டா."

குமரவேல் போனை வைத்துவிட்டான்.