மடிக்கோலும் மூன்றாவது கம்பியும்

ஜூன் 4, வியாழன்

விடாத மழை. நெஞ்சில் கருவி வைத்துப் பதினோரு நாள். இடது தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவுப் புடைப்பு. அதிலிருந்து இதயத்துக்கு மூன்று கம்பிகள். இதயத்தின் இரண்டு பக்கமும் ஒத்து அடிக்க வைப்பது மூன்றாவதுதான் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார்.

இரண்டு வருஷமாக நாலு தலையணையில் சாய்ந்துதான் தூக்கம். இப்போது ஒன்று போதும். கால் வீக்கம் வடிந்து மெட்டி கழல்கிறது. வாசல் வரை நடந்தேன், மூச்சு வாங்கவில்லை. அழுகை வந்துவிட்டது.

கூடாதவை: உப்பு. வாளி. இ.கை (இடது கை) தோளுக்கு மேல் போவது (ஆறு வாரம்). நானோ இடது கைக்காரி.

ஜூன் 6, சனி

நாளை மாமனார் சிராத்தம். சமையலுக்கு ஒரு மாமி வருகிறாள். ஆனாலும் இவர், "பாயசம் மட்டும் நீ பண்ணிடு. அப்பாவுக்கு ஆத்து மாட்டுப்பொண் கையால ஒண்ணாவது வேணும். புடவைய இன்னிக்கே மடியா உணத்திடு."

மடி என்றால், நனைத்துக் காயும் வரை புடவையை வேறு யாரும் தொடக்கூடாது. உத்தரத்துக்குக் கீழே கட்டிய கொடியில் மடிக்கோலால் தூக்கிப் போட வேண்டும். வேலைக்கு வரும் ஷைலஜா பக்கத்தில்தான் நின்றாள். அவள் தொட்டால் மடி போச்சு.

வலது கையால் முயன்றேன். கோல் நழுவியது. இ.கை தானாகவே மேலே போய்விட்டது. உள்ளே ஏதோ சுண்டியது.

ஜூன் 7, ஞாயிறு

"மடிதானே?" என்று இவர் கேட்டார். "மடிதான்" என்றேன். பாயசம் நன்றாக வந்ததாம்.

காலையிலிருந்து விலாவுக்குக் கீழே விக்கல் மாதிரித் துடிப்பு. இன்றைக்குச் சொன்னால் சிராத்தம் கெட்டது என் தலையில். நாளைக்குச் சொன்னால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ஜூன் 9, செவ்வாய்

தலையணை மூன்று. மெட்டி இறுகிவிட்டது. பால் பாக்கெட் திரிந்துபோனது.

பெங்களூரிலிருந்து பையன் ஃபோன். இவர் சொல்கிறார்: "அம்மா பேஷா இருக்கா." எனக்குப் பேச மூச்சில்லை, தலையை ஆட்டினேன். ஃபோனில் தலையாட்டி என்ன பயன்? பயமாக இருக்கிறது.

ஜூன் 11, வியாழன்

ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே. மூன்றாவது கம்பி இடம் மாறியிருக்கிறது.

கையைத் தூக்கினேனா என்று மலையாளத்தில் நர்ஸ்: "அம்மே, கை மேலே பொக்கியோ?"

நான் வாய் திறக்குமுன் இவர்: "ஒரு துரும்பு எடுக்க விடலை. கூடவே இருக்கேன்." அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் தாங்கவில்லை.

டாக்டர் யோசித்தார். "தானே நகர்ந்ததுன்னா அந்த ரத்தக்குழாயில அது நிக்காது. அப்போ விலாவைத் திறந்துதான் வேற கம்பி வைக்கணும்."

சொல்லிவிட்டேன். புடவை, கோல், இ.கை எல்லாம்.

"நல்ல வேளை சொன்னீங்க. பழைய வழியிலயே மறுபடி வச்சுப் பாக்கலாம். சனிக்கிழமை."

இவர் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆட்டோ ஈஞ்சக்கல் சந்திப்பைத் தாண்டியது. இவர் மெதுவாக:

"சனிக்கிழமை ஆபரேஷன். திங்கட்கிழமை அமாவாசைத் தர்ப்பணம். மடி யார் உணத்துவா?"

"நீங்கதான்."

"நேக்குப் பழக்கமில்லையேடி."

"நெஞ்சுக்குள்ள கம்பி நேக்கு மட்டும் பழக்கமா?"