நாய்க்குப் போட்ட சிவப்புக் காலுறை

சம்பந்தி,

விடிய விடிய மழை. இன்று காலை சாமி அறையைத் திறந்ததும் விபூதி வாசனைக்கும் சாம்பிராணி வாசனைக்கும் நடுவில் லேசாக நாய் வாசனை அடித்தது. வைரவர் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும் அந்தச் சிவப்புக் காலுறையிலிருந்துதான். ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் துணிப்பை. நாயின் பாதத்தில் மாட்டி, மேலே பட்டையைச் சுற்றி ஒட்டுவது. எத்தனை முறை துவைத்துக் காயப்போட்டாலும், காற்று ஈரமானால் தான் யார் காலில் இருந்தோம் என்பதை அது ஞாபகப்படுத்திவிடுகிறது.

"இத இன்னுமா சாமி ரூம்ல வெச்சிருக்க?" என்றார் என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வைரவருக்கு நாய்தான வாகனம்? அவரு வண்டிச் சாமான் அவருகிட்ட இருக்கு" என்றேன். நீங்கள் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள். உங்கள் பேச்சு எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிள்ளைகளுக்குக் கல்யாணமான புதிதில் நாம் ஒருவரையொருவர் எவ்வளவு ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டோம்! நான் சரவணனைப் பெற்றவள், நீங்கள் தேவியைப் பெற்றவர். பிறையில் உங்கள் வீட்டிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டி டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு நீங்கள் வரும்போதெல்லாம் கை நிறையப் பழமும் பலகாரமும் இருக்கும். சோபாவின் நுனியில் உட்காருவீர்கள். கொடுத்த தண்ணீரைப் பாதி குடித்து வைத்துவிடுவீர்கள். நானும் நல்ல புடவை கட்டிக்கொண்டு எதிரில் விறைப்பாக உட்கார்ந்திருப்பேன். நான் விரதம், பூசை என்று இருப்பவள். ஒரு ரொட்டி வாங்கினாலும் கணக்குப் புத்தகத்தில் எழுதாமல் தூக்கம் வராது. நீங்களோ பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் குளிர் அறையில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் நின்று, கணவர் போனபின் ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்தவர். கோயிலுக்கு வந்தாலும் வாசலிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நின்றுவிடுவீர்கள். "உள்ள நீங்க சொல்லிடுங்க சம்பந்தி. உங்களுக்குத்தான் லைன் கிளியரா கெடைக்கும்" என்பீர்கள். அது கேலியா மரியாதையா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வருவேன்.

வான்கூவரில் பிள்ளைகளுக்குக் குழந்தை பிறந்து, நாம் இருவரும் உதவிக்குப் போனபோதுதான் அந்த விறைப்பு தளர்ந்தது. ஊர் திரும்புமுன் பிள்ளைகள் நம்மைக் கப்பலில் அலாஸ்காவுக்குக் கூட்டிப்போனார்கள். சம்பந்திகள் இரண்டு பேருக்கும் ஒரே அறை. அங்கேதான் உங்கள் பாதங்களை முதன்முதலில் பார்த்தேன்.

இனிப்பு நீர் வியாதி உங்கள் இடது காலில் ஒரு விரலை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தது. இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி இல்லை. குளித்து வந்ததும் விரல் விரலாகத் துடைப்பீர்கள். கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பீர்கள். நான் பார்ப்பதைப் பார்த்து, "வாடகைக் காலு சம்பந்தி. எப்ப வேணும்னாலும் காலி பண்ணச் சொல்லுவாங்க" என்று சிரித்தீர்கள்.

பிறகு சிரிக்காமல் சொன்னீர்கள். "அடுத்து ஒரு புண்ணு வந்தா விரலோட நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள ஒரு தடவ பனியில நிக்கணும். வேலை செஞ்ச காலமெல்லாம் ஏர்கோன் குளிர்ல நின்ன காலு இது. நெசக் குளிர்ல ஒரு நாளாச்சும் நிக்க வேணாமா?"

கப்பலில் கொடுத்த விளம்பரத் தாளை மடித்து வைத்திருந்தீர்கள். ஹெலிகாப்டர் மலைக்கு மேலே, ஆறே உறைந்து கிடப்பது போன்ற பனிப்பரப்பில் இறங்குமாம். அங்கே நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்களாம். படத்தில் ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார், ஒருவர் பின்னால் நின்றிருந்தார். பின்னால் நிற்பவரை விரலால் தொட்டுக் காட்டினீர்கள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் பேச்சை எடுத்ததும் தேவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, வெளையாடாதீங்க லா. ஒங்க கால்ல ஃபீலிங்கே இல்ல. ஐஸ்ல எதாச்சும் ஆனா ஒங்களுக்கே தெரியாது."

"தெரியாதுதான். அதனால வலிக்கவும் வலிக்காது."

"ஜோக் அடிக்காதீங்கம்மா!" அவள் கண் நிறைந்துவிட்டது.

சரவணன் முட்டை உரிப்பதில் மும்முரமானான். மேசைக்கடியில் உங்கள் முழங்கால் என் முழங்காலை இடித்தது.

தாய்க்கும் மகளுக்கும் நடுவில் வாய் திறப்பதில்லை என்று கல்யாணத்தன்றே எனக்கு நானே ஒரு கட்டு போட்டிருந்தேன். அதோடு நான் பினாங்குப் பாலத்தில் பஸ் ஏறினாலே முருகனைக் கூப்பிடுகிறவள். நாயைக் கண்டால் தெருவை மாற்றுகிறவள். ஆனாலும் அந்த முழங்கால் இன்னொரு முறை இடித்தது.

"தேவி, நானும் கூடப் போறேன். அம்மா கால நான் பாத்துக்குறேன்" என்றேன்.

"அத்தை, நீங்களா? நாய்னா நீங்க..."

"வைரவர் பாத்துக்குவாரு."

தேவி கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள். பெற்ற தாயிடம் மாட்டேன் என்று சொல்லலாம். மாமியாரிடம் சொல்ல முடியுமா? அது தெரிந்துதான் நீங்கள் என்னை இடித்தீர்கள். தெரிந்துதான் நானும் சொன்னேன். அவள் உங்கள் காலுக்கு இரண்டடுக்குக் கம்பளிக் காலுறையைத் தானே மாட்டிவிட்டு, குழந்தையோடு கரையில் நின்றுகொண்டாள்; சரவணன் நம்மோடு வந்தான்.

அதற்குக் கட்டிய தொகையை இங்கே எழுத மாட்டேன். மலேசிய வெள்ளிக்கு மாற்றிக் கணக்குப் பார்த்த வேளை எனக்குப் பசியே எடுக்கவில்லை. ஏறுமுன் ஒவ்வொருவரையும் உடுப்போடு எடை போட்டார்கள், ஹெலிகாப்டரில் பாரத்தைச் சமமாகப் பிரித்து உட்காரவைக்க. "கோயில்ல துலாபாரம் குடுக்குற மாதிரி இருக்கு சம்பந்தி. எதிர்த்தட்டுல வாழப்பழமா, வெல்லமா?" என்று நீங்கள் கேட்க, எடை பார்த்த பையன் ஒன்றும் புரியாமலே சிரித்தான்.

மேலே எழும்பியதும் நான் கண்ணை மூடி அஞ்செழுத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். காதில் மாட்டியிருந்த கருவியில் உங்கள் குரல் வந்தது: "கண்ணத் தொறங்க சம்பந்தி. கண்ண மூடிக்கிட்டு யாரத் தேடுறீங்க?" திறந்தேன். கீழே கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. வெடித்த இடங்களில் மட்டும் ஒரு நீலம். நஞ்சுண்டவர் கழுத்தில் நிற்கிற நீலம் என்று தோன்றியது. அப்புறம் நான் கண்ணை மூடவில்லை.

இறங்கி, விசிறிச் சத்தம் நின்றபின், அந்த அமைதியில் நான் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமில்லை. சுற்றிலும் வெள்ளை மலைகள். எங்கள் சாமி அறைக் காலண்டரில் கைலாசம் இப்படித்தான் இருக்கிறது. அங்கே போய்ச் செருப்புக் காலோடு நிற்பதா? யோசிக்கவே இல்லை. கோயில் வாசலில் கை தானாகக் காலுக்குப் போகுமே, அப்படிப் போய்விட்டது. அங்கே கிடந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, சப்பாத்துக்கு மேல் மாட்டிவிட்டிருந்த உறையைக் கழற்றி, சப்பாத்தைக் கழற்றி, காலுறையையும் உருவிவிட்டுப் பனியில் காலை வைத்தேன்.

"நோ, நோ, நோ!" என்று நாய்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் கத்தினாள்.

"அம்மா! என்னம்மா செய்றீங்க?" என்று சரவணன் ஓடிவந்தான்.

நீங்கள் மட்டும் கத்தவில்லை. தடியை ஊன்றி ஊன்றி மெதுவாக வந்து என் காலைப் பார்த்தீர்கள்.

"எப்படி இருக்கு?"

"என்னது?"

"பனிதான். நான் நின்னுட்டுத்தான் இருக்கேன், எனக்குத் தெரியலயே. உங்க காலுக்குத் தெரியுதுல்ல? சொல்லுங்க. சில்லுனு இருக்கா?"

"இல்ல சம்பந்தி. சுடுது."

"சுடுதா!"

"தீ மிதிச்ச மாதிரி. மொதல்ல ஒண்ணும் தெரியல. அப்புறம் சுருக்குனு ஏறுது."

கன்னிப்பெண்ணாக இருந்தபோது வேண்டுதலுக்காக ஒருமுறை பூக்குழி இறங்கியவள் நான். வேறு எதைச் சொல்லி விளங்கவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். பாட்டுக் கேட்பவர் போலத் தலையாட்டினீர்கள். "ம்... இப்ப எதுவரைக்கும் வந்திருக்கு? கணுக்காலு? அதுக்கு மேலயா?" நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே நின்றீர்கள். பிறகு, "போதும். போட்டுக்குங்க" என்று சொல்லி, தடியைப் பிடித்து மெல்ல மண்டியிட்டு, உங்கள் சால்வையால் என் காலைத் துடைக்கத் தொடங்கினீர்கள்.

பதறிவிட்டேன். பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் அம்மா காலைப் பிடிப்பதா? ஊரில் யாராவது பார்த்தால் என்னைத்தானே பேசுவார்கள்? "சம்பந்தி, வேணாம், எழுந்திருங்க" என்று காலை இழுத்தேன். நீங்கள் விடவில்லை.

"அங்க பாருங்க. இங்க நாய்ங்களே காலுறை போட்டுக்கிட்டு நிக்குது. நீங்க என்னடான்னா கழட்டுறீங்க!"

பார்த்தேன். வரிசையாக நின்ற நாய்களுக்கு அந்தப் பெண் சிவப்புக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள், பனி பாதத்தைக் கிழித்துவிடாமலிருக்க. ஓநாய் போல இருக்கும் என்று பயந்து வந்தேன். பார்த்தால் மெலிந்து, காது ஒரு பக்கம் மடங்கி, நம்ம பாசாரில் மீன்கடையைச் சுற்றும் நாய்களைப் போலவே இருந்தன. நீங்கள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு நாயின் காலை ஏந்திக்கொண்டீர்கள். "எங்க ஃபேக்டரியிலயும் இதேதான். மொதல்ல கால மூடு, அப்புறம் உள்ள போ" என்று தமிழிலேயே அவளிடம் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு காலாக மாட்டிவிட்டீர்கள். நாயும் மறுக்காமல் உங்கள் தோளில் சாய்ந்துகொண்டது. என் மடியிலும் ஒன்று தலையை வைத்தது. நமசிவாய என்றேன். அது அசையவில்லை, நானும் அசையவில்லை.

வண்டிக்குள் என்னைப் போர்த்தி உட்காரவைத்தார்கள். பின்னால் நீங்கள் நின்றீர்கள். அந்தப் பெண் பக்கத்திலேயே ஏறி நின்று உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சரவணன் படம் எடுக்கக் கீழேயே நின்றான். அவள் கட்டளை கொடுக்க வாயெடுக்குமுன், "டேய், போங்கடா!" என்று நீங்கள் ஒரு அதட்டுப் போட்டீர்கள். அத்தனை நாயும் பாய்ந்துவிட்டன.

முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்த எனக்கு உங்கள் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் காற்றோடு வந்தது. "நிக்கிறேன் சம்பந்தி! பாருங்க, நிக்கிறேன்!" திரும்ப முடியாத அளவுக்கு என்னைப் போர்த்தியிருந்தார்கள். "நில்லுங்க, நில்லுங்க!" என்று மலையைப் பார்த்துக் கத்தினேன்.

கப்பலுக்கு வந்ததும் தேவி கைப்பேசி வெளிச்சத்தைப் பிடிக்க, நான் உங்கள் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அவள் உங்கள் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். நீங்கள் நாய்க்காரப் பெண் கொடுத்த ஒற்றைச் சிவப்புக் காலுறையை மகளின் மூக்கருகே கொண்டுபோய், "மோந்து பாரு, நாய் நாத்தம்" என்று அவளைச் சிரிக்கவைத்தீர்கள்.

ஊர் வந்ததும் அந்தச் செலவைக் கணக்குப் புத்தகத்தில் 'கோயில்' என்ற தலைப்பில் எழுதினேன். "ஹெலிகாப்டர் எப்ப கோயில் ஆச்சு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவருக்கு எப்படிச் சொல்வது!

பனிமலையில் வராத புண் பிறையில் பாசாருக்குப் போன வழியில் வந்தது, செருப்புக்குள் புகுந்த ஒரு சின்னக் கல்லால். வீட்டுக்கு வந்து இரத்தத்தைப் பார்த்தபிறகுதான் உங்களுக்கே தெரிந்தது. டாக்டர் சொன்னது போலவே முழங்காலுக்குக் கீழே இடது கால் போயிற்று. தேவி வந்திருந்தாள், வேலையும் குழந்தையும் இழுக்க அழுதுகொண்டே திரும்பினாள். நான் பாலம் தாண்டி வந்துபோனேன். முன்பெல்லாம் பழத்தோடு வந்தது நீங்கள், அப்போது நான்.

வார்டில் ஏர்கோன் குளிர். உங்கள் வலது பாதம் ஐஸ் போல இருந்தது. பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்து நான் உங்கள் காலைத் தூக்கியதும் பதறினீர்கள். "சம்பந்தி, வேணாம். மாப்பிள்ள அம்மா நீங்க..."

"இங்க நாய்ங்களே போட்டுக்கிட்டு நிக்குது" என்றேன்.

படுக்கை குலுங்கச் சிரித்தீர்கள். பக்கத்துக் கட்டில் அம்மா எட்டிப் பார்த்தார். "நாய்க்காச்சும் நாலு வேணும். எனக்கு இனிமே ஒண்ணு போதும். சிக்கனம்தான, கணக்குல எழுதிக்குங்க" என்றீர்கள்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னீர்கள். "ஒண்ணு தெரியுமா? எடுத்த காலு சுடுது சம்பந்தி. நீங்க அன்னிக்குச் சொன்னீங்களே, அதே மாதிரி. மொதல்ல ஒண்ணும் தெரியல, அப்புறம் சுருக்குனு. இருந்தப்ப தெரியல, போனப்புறம் தெரியுது பாருங்க."

வெறுமையாக இருந்த போர்வையைத் தட்டிச் சரிசெய்தேன்.

அதன்பின் நான் வரும்போதெல்லாம் நீங்கள் கேட்பது ஒன்றுதான். "கோயிலுக்குப் போனீங்களா? தரை எப்படி இருந்துச்சு?" சாமி எப்படி, அலங்காரம் எப்படி என்று கேட்கவே மாட்டீர்கள். நானும் சொல்வேன்: பிரகாரம் பழுக்கக் காய்ந்திருந்தது, அபிஷேகப் பால் சிந்திய இடம் பிசுபிசுத்தது, தேங்காய் ஓடு குத்தியது. கண்ணை மூடிக் கேட்பீர்கள். ஏதாவது ஒரு நாள் நான் கவனிக்காமல் நடந்து வந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவீர்கள். "மறந்துட்டீங்க. நாளைக்கு ஒழுங்கா மிதிச்சிட்டு வாங்க."

நீங்கள் போனபின், காரியம் முடிந்து தேவி புறப்பட்ட அன்று அந்தச் சிவப்புக் காலுறையை என் கையில் வைத்தாள். "அத்தை, அன்னிக்கு நீங்க கூடப் போறேன்னு சொல்லலனா அம்மாவ நான் விட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

இன்று சாமி அறையைத் துடைத்து முடித்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். முழங்கால் முன்போல ஒத்துழைப்பதில்லை; நின்று நின்றுதான் ஏறுகிறேன். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றும்போதே உங்களிடம் பேச ஆரம்பித்துவிடுகிறேன். எனக்கென்று கேட்கும் வேண்டுதல்கள் குறைந்துவிட்டன. பாதி வழிக்கு மேல் ஒவ்வொரு படியையும் கவனித்து மிதிக்கத்தான் நேரம் சரியாக இருக்கிறது.

கீழ்ப்படிகள் ஈரமாக இருக்கின்றன சம்பந்தி. பாசி லேசாக வழுக்குகிறது. திருப்பத்தில் யாரோ சிந்திய விபூதி நனைந்து களிம்பு மாதிரி ஒட்டுகிறது. மேலே, வெயில் முதலில் விழுந்த அந்த ஒரு படி மட்டும் சுடுகிறது.