அதிபருக்குப் போர்த்திய பொன்னாடை

வெஸ்ட்லி, ஒஸ்லோ

அன்பு மகள் ஹம்சத்வனிக்கு,

இங்கே எல்லோரும் நலம், நீயும் நலமாயிருக்க முருகன் துணை என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுத மனம் வரவில்லை. அம்மா சுகம். எனக்கு இரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, அதற்கு நீதான் காரணம். தீர்ப்பு வந்த நாளிலிருந்து என் போனை எடுக்கிறாயில்லை, அம்மாவோடு மட்டும் கதைக்கிறாய், நான் பக்கத்தில் இருமினாலே வைத்துவிடுகிறாய். அதனால்தான் நீ இருக்கும் திரொம்சோவுக்குக் கடிதம், இதை இடையில் வெட்ட முடியாது.

வக்கீலாய் நின்று வழக்கில் தோற்றது நீ, ஊரெல்லாம் என்னைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கிறது. அப்படி என்ன செய்துவிட்டேன்? உன் அண்ணனின் மகன் சாய் எட்டாம் வகுப்புக்குப் போனபோது அந்தப் பள்ளிக்கூடத்தில் வெள்ளைப் பிள்ளைகள் எல்லோரையும் ஏ வகுப்பில் போட்டார்கள், சோமாலி, பாகிஸ்தான் பிள்ளைகளை பி வகுப்பில் தள்ளினார்கள், எங்கள் தமிழ்ப் பிள்ளைகளில் கொஞ்சப் பேரை மட்டும் ஏ வகுப்புக்கு எடுத்தார்கள், அதில் சாயும் ஒருவன். வெள்ளைக்காரர் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்குக் கொண்டுபோகாமல் இருக்க அதிபர் செய்த வேலை அது, எனக்கு அதில் என்ன நட்டம்? எங்கள் தமிழ்ப் பெற்றோர் சங்கத் தலைவர் என்ற முறையில் போன வருசப் பொங்கல் விழாவுக்கு அந்த மனிசனைக் கூப்பிட்டு மேடையில் பொன்னாடை போர்த்தினேன், எங்கள் பிள்ளைகளை நல்ல பிள்ளைகளோடு விட்டதற்கு நன்றி என்று நோர்வேஜிய மொழியில் எழுதி வைத்து வாசித்தேன். அம்மா முன்வரிசையில் இருந்து கைதட்டினாள், அதையும் நீ தெரிந்துகொள். மேடைக்கு வந்தவருக்குப் பொன்னாடை போர்த்துவது எங்கள் வழக்கம், அது நீதிமன்றம் வரைக்கும் போகும் என்று யார் கண்டது?

பக்கத்து ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் ஞானமலருக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை? அவளுடைய மகள் சோபிகா பி வகுப்பில் விழுந்தாள், விழுந்தால் பேசாமல் இருந்து படிக்கவேண்டியதுதானே, நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள் என்று வழக்குப் போட்டாள். போட்டவள் ஒஸ்லோவில் ஒரு வக்கீலைப் பிடித்திருக்கலாம், என் பிள்ளையைத்தான் பிடித்தாள். நீயும் விமானம் ஏறி ஓடி வந்தாய், வந்து சொந்த வீடு இருக்க ஹோட்டலில் தங்கினாய். வழக்குப் பார்க்கப் போன எங்கள் சங்கத்து மகேசன் சொன்னான், பள்ளிக்கூடத்து வக்கீல் நான் பொன்னாடை போர்த்தும் படத்தைப் பெரிய திரையில் போட்டாராம், நான் வாசித்ததையும் ஓடவிட்டாராம், நீ தண்ணீர்ப் போத்தலைத் திறந்து திறந்து மூடினாயாம். வெளிநாட்டுப் பெற்றோரே மேடையேறிப் பாராட்டிய ஒழுங்கைப் பாகுபாடு என்று சொல்ல இடமில்லை என்று தீர்ப்பிலும் எழுதிவிட்டார்கள். மகேசன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான், நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளதைச் சொன்னால் அன்றைக்கு எனக்குச் சந்தோசமாகவே இருந்தது, பிள்ளை தோற்றாலும் சாயின் இடத்துக்கு இனி ஆபத்தில்லை என்று இரவு நிம்மதியாகப் படுத்தேன்.

இனித்தான் விசயம். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய அன்றே சாயை பி வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வெள்ளைக் குடும்பங்கள் வந்திருக்கின்றனவாம், ஏ வகுப்பில் இடம் வேண்டுமாம், அதற்காக அங்கிருந்து எழுப்பப்பட்டது முழுக்க எங்கள் தமிழ்ப் பிள்ளைகள். நான் கோட் போட்டுக்கொண்டு அதிபரிடம் போனேன். உட்காரச் சொன்னார், கோப்பி தந்தார். கதிரைக்குப் பின்னால் சுவரில் நான் போர்த்திய பொன்னாடை, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. இப்படிப் பிரிப்பதில் தப்பில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதே தில்லைநாதன், உங்கள் உதவியை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன் என்று கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார். நாசமாய்ப் போவான்.

மேன்முறையீடு செய்ய ஞானமலர் சம்மதிக்கவேண்டும், அதற்கான தவணையும் முடியப்போகிறது என்று பிரசாந்தன் சொன்னான். சொன்னவன் உன் அண்ணன், போனவன் நான், பெற்ற கடனுக்கு வெட்கத்தை விட்டு ஹவுகன்ஸ்டுவாவுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வரச் சொல்லவில்லை. என் வெறுங்கையைப் பார்த்து, என்ன அண்ணை, பொன்னாடை கொண்டு வரேல்லையோ என்று கேட்டாள். பழசை விடும் பிள்ளை, இது பிள்ளையளின்ரை விசயமெல்லோ என்றேன். ஓம், நான் சம்மதிக்கிறன், ஆனா அந்தப் பொன்னாடையை எதுக்குப் போர்த்தினனீங்கள் எண்டு நீங்கள் கோட்டுக் கூண்டிலை ஏறிச் சொல்லவேணும், கறுப்புப் பிள்ளையளிட்டை இருந்து உங்கடை பிள்ளையளைப் பிரிச்சு வைச்சதுக்கு எண்டு உங்கடை வாயாலை சொல்லவேணும் என்றாள். அதற்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டாள். எனக்கு, இந்த வயதில், முகத்துக்கு நேரே.

நான் சொல்லமாட்டேன் மகள், செத்தாலும் சொல்லமாட்டேன். சொன்னால் இந்தச் சனத்துக்குள் எப்படி நடமாடுவது, மகேசன் அடுத்த கிழமையே என் கதிரையில் ஏறி இருந்துவிடுவான். நீ படித்தவள், வேறு வழி பார். மரியாதைக்குப் போர்த்தினேன், வேறொரு எண்ணமும் இல்லை என்று நாலு வரி எழுதித் தா, நீதிமன்றத்தில் நின்று அப்படியே வாசிக்கிறேன். நீ எழுதித் தரமாட்டாய் என்று அம்மா சொல்கிறாள், இப்போது அவளுக்கும் வாய் நீண்டுவிட்டது. நேற்றுக் காலை சாய் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, அப்பப்பா, அதிபர் உங்கடை பிரண்ட்தானே, நீங்கள் சொன்னா என்னைத் திருப்பி மாத்துவார்தானே என்று கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இன்றைக்கும் கேட்டான், அதையேதான் சொன்னேன்.

நீ நோய்நொடி இல்லாமல், பேரும் புகழுமாய் இருக்கவேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், மீனெண்ணெய் குடிக்க மறக்காதே. நான் வீடு தேடிப் போனதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று ஞானமலரிடம் கட்டாயம் சொல்லி வை.

இப்படிக்கு,
உன் அப்பா
வ. தில்லைநாதன்
தலைவர், பெற்றோர் சங்கம்