அருளின் வயரை வெட்டியவன் நான்

என் ஆசை மச்சான் அருளுக்கு,

நீ போய் இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. நீ செய்துகொண்டிருந்த அந்த வீடியோ கேம் பலகை உன் வீட்டில் இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது. ஸ்டெல்லா அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். அந்தப் பலகை விஷயமாக உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்ல நீ இல்லை. அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது இல்லையா? நீ என் தங்கை ஸ்டெல்லாவின் புருஷன். அதற்கும் முன்னாலேயே, ஓசூர் சிப்காட்டில் மெஷின்களுக்கு கன்ட்ரோல் பேனல் செய்யும் கம்பெனியில் என் பக்கத்து மேசைக்காரன். பதினொரு வருடம் நீ வயர் இழுத்தால் நான் சரிபார்ப்பேன், நான் இழுத்தால் நீ. தன் வேலையைத் தானே பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது என்பது அங்கே சட்டம். நீ வயரை வளைத்துக் கட்டுகிற அழகைப் பார்த்து, "என்னடா, பொண்ணுக்குச் சடை பின்றியா?" என்று கிண்டல் செய்வேன். நீ அடுத்த வயரை எடுத்து வளைப்பாய்.

கல்யாணமான புதிதில் மூன்று பேரும் பெங்களூரில் ஒரு வீடியோ கேம் கடைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்டெல்லா பத்து நிமிடத்தில் உன்னை ஒரு வழி பண்ணிவிட்டாள். "சார், நீங்க பையப் புடிச்சிக்குங்க, மேடம் ஆடட்டும்" என்றார் கடைக்காரர். நீயும் பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாய். அந்த மாதிரி ஒன்றை வீட்டிலேயே செய்து தருகிறேன் என்று அன்றைக்கு பஸ்ஸில் அவளிடம் சொன்னாய். நான் நம்பவில்லை. ஆனால் நீ பிளைவுட் அறுத்தாய், பழைய கம்ப்யூட்டரைத் தட்டிக்கொட்டி எழுப்பினாய். உன் சித்தி மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது, நிறம் மாறி மாறி எரியும் பட்டன்கள் பன்னிரண்டு வாங்கி வரச் சொன்னாய்.

ஏழு பட்டன்களுக்கு வயரிங் முடித்திருந்தாய். எட்டாவதைத் தொடும் முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அத்திப்பள்ளி தாண்டியதும், மேம்பால வேலை நடக்கிற பக்கம் ஆம்புலன்ஸ் நின்றுவிட்டது. சைரன் கத்துகிறது, வண்டி நகரவில்லை. நான் இறங்கி ஓடி, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் லாரிக்காரர்களிடம் கெஞ்சினேன். ஒதுங்க அவர்களுக்கும் இடமில்லை, பாவம். திரும்பி ஏறியபோது உன் கால் சில்லிட்டிருந்தது. என்னால் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை, மச்சான். ஒன்றுமே.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும் ஸ்டெல்லா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணா, அந்த பட்டனுங்க எரியறத ஒருதடவ பாக்கணும்ணா. அவரு கையால பண்ணது எரியணும்."

இதையாவது செய்வோம் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு பட்டனிலும் விளக்குக்கு நான்கு கால்கள். சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொன்று. நான்காவது எல்லாவற்றுக்கும் பொதுவான காமன். நம் கம்பெனியில் விளக்கு என்றால் காமன் மைனஸுக்குத்தான் போகும், கறுப்பு வயரில். நீயோ ஏழிலும் சிவப்பு வயர் போட்டு பிளஸில் கொடுத்திருந்தாய். உடம்பு முடியாத அசதியில் மாற்றிவிட்டான் என்று முடிவு கட்டினேன். உன்மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது. அந்த இரக்கத்தை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தப்பான வயரை விட்டுவைக்கக் கூடாது, இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிட வேண்டும் என்பதும் நம் சட்டம்தானே? வெட்டினேன். நீ பற்றவைத்து, எண் எழுதி, வளைத்துக் கட்டிய சிவப்பு வயர் அத்தனையையும் வெட்டினேன். பன்னிரண்டுக்கும் கறுப்பு வயர் இழுத்து முடித்து, ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொன்னேன்.

திரையில் கேம் வந்தது. பட்டன் ஒன்றுகூட எரியவில்லை.

"அவரு தப்பா பண்ணிட்டாராண்ணா?" என்றாள்.

"ஆமாம்மா. முடியாமப் பண்ணியிருக்கான், எங்கெங்க மாத்தி வெச்சானோ தெரியல."

இதைச் சொன்னது நான்தான். என் வாயால்தான்.

"பரவால்லண்ணா. அவருக்கு முடியல, பாவம்" என்று சொல்லித் துண்டை எடுத்து மூடினாள்.

இந்த வேலைக்காக வாங்கிப்போயிருந்த உன் டூல் பெட்டியை அடுத்த வாரம் ஸ்டெல்லாவிடம் திருப்பிக் கொடுக்க எடுத்தேன். அடியில் அந்த பட்டன்களோடு வந்த காகிதம் மடித்து வைத்திருந்தது. ஒரு விளக்குக்காகக் காகிதம் படிக்கிற பழக்கம் நம் செக்‌ஷனில் எவனுக்கு இருக்கிறது? நீ படித்திருக்கிறாய். இந்த பட்டன்களில் காமன் பிளஸுக்குத்தான் போக வேண்டும் என்ற வரியில் பென்சிலால் கோடும் போட்டிருக்கிறாய்.

போன ஞாயிறு அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் வந்து எல்லாவற்றையும் நீ செய்தபடியே மாற்றினேன். பன்னிரண்டும் எரிந்தன. சிவப்பு, பச்சை, நீலம், அப்புறம் எனக்குப் பெயர் தெரியாத ஏதேதோ நிறங்கள். நான் ஒருவன்தான் பார்த்தேன். அணைத்துவிட்டு, துண்டு கிடந்தபடியே மூடிவிட்டுப் போய்விட்டேன்.

காட்டினால் "எங்கண்ணன் சரி பண்ணிட்டான்" என்று தெரு முழுக்கச் சொல்வாள். இப்போதே பக்கத்து வீட்டு அக்காவிடம், "கடைசியா அவரு பண்ண வேலயே தப்பாப் போச்சுக்கா, அவ்ளோ முடியாம இருந்திருக்காரு, நான்தான் கவனிக்கல" என்று சொல்லி அழுததைக் கேட்டேன். உன் பேனல் ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. உன் பெண்டாட்டி நம்புகிறாள், உன் கை தவறியது என்று. அதற்கும் தன்னையே நொந்துகொள்கிறாள்.

வயரை மறுபடி பற்றவைக்க எனக்குத் தெரியும். நீ பற்றவைத்ததை எங்கிருந்து கொண்டுவருவேன்? அவள் கேட்டது அதைத்தானே? வெட்டிய துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் கவரில் என்னிடம் இருக்கின்றன, உன் கையெழுத்தில் எண்களோடு. என்ன செய்வது என்று யாரிடம் கேட்பேன்? என் வேலையைச் சரிபார்க்கிறவன் நீதானே?

இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்கு வருவேன். சுவிட்சைத் தொடுவதற்கு முன் அந்தக் கவரை ஸ்டெல்லா கையில் கொடுப்பேன். "அவன் சரியாத்தாம்மா பண்ணியிருந்தான். வெட்டிட்டுப் பழிய அவன்மேல போட்டது நான்" என்று சொல்வேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. அதற்கப்புறம் அவள் சுவிட்சைப் போடுவாளா, என்னை வெளியே போகச் சொல்வாளா, தெரியவில்லை.

உன் மச்சான்,
இந்த ஞாயிறு வரைக்குமாவது ஸ்டெல்லாவுக்கு அண்ணன்,
பீட்டர்