கோணலாய் இரண்டு வரிசை

ஏங்க,

உள்ளித்தீயல் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. பப்படம் மட்டும் பொரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை ஆஷாவின் மகளுக்கென்று ஆரம்பித்து, சலித்துப்போய் நாலு மாதமாக நான் தொடாத குரோஷாச் சட்டையில், வீடியோ பார்த்து இரண்டு வரிசை பின்னிவிட்டீர்கள். நேற்று அதைப் பார்த்து நான் கத்தியது கத்தியதுதான். கண்ணிக்கு ஒரு பின்னல் போடாமல் இரண்டிரண்டு போட்டு, நேராக இறங்க வேண்டியதைக் குடை மாதிரி விரித்திருக்கிறீர்கள்.

காலையில் பிரிக்கத்தான் ஊசியை எடுத்தேன். பார்த்தால் பாவாடை! அதற்குக் கீழே பத்து வரிசை போட்டாச்சு. இனி அது கவுன். இந்த வாரமே முடித்துவிடுவேன்.

மத்தியானம் ஆஷா குழந்தையோடு வருவாள். அவளுக்குத் தெரியாமல் குழந்தைக்குத் தோளிலிருந்து முழங்கால்வரை அளவெடுங்கள். ஆபீஸ் விட்டதும் கிழக்கேகோட்டையில் நூல் வாங்கி வருகிறேன்.

அஸ்வதி

பி.கு.: உங்கள் இரண்டு வரிசையையும் பிரிக்கவில்லை. மூன்றாவதுக்கு ஆசைப்பட வேண்டாம்.