வீட்டுக்காரர் மொட்டை மாடி

மே 16. தேவாரம்.
வெயில். மலைப்பக்கம் மேகம் மட்டும், மழை இல்லை. சென்னையிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு போச்சு. ஊர்த் திருவிழாவுக்காக அப்பா மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அங்கே மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஆள் என்று இங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.
வாங்க: சீப்பு (மறந்து வந்தேன்), தம்பி செருப்புக்கு வார், அம்மாவுக்குத் தைலம்.

மே 17.
அத்தை குண்டைத் தூக்கிப் போட்டாள். அப்பாவின் ஒரே தங்கை. மகள் கவிதா பிளஸ் டூ முடித்துவிட்டாள். தேனி காலேஜில் இடம், ஹாஸ்டலும் உண்டு. ஆனால் வேண்டாமாம்.
"எங்கண்ணன் வீடு அங்கன அம்புட்டுப் பெருசா இருக்கையில எம்புள்ள எதுக்கு ஹாஸ்டல்ல கெடக்கணும்? மெட்ராஸ்லயே படிக்கட்டும்."
அப்பா: "அதுக்கென்னத்தா, அனுப்பு."
அனுப்பு! எங்கே படுப்பாளாம்? ஒரே அறை, நாலு பேர். கட்டில் மேலே பாத்திரம், துணி மூட்டை. கட்டிலுக்கு அடியில் நான். ஆறு வீட்டுக்கு ஒரே கக்கூஸ். பிளஸ் ஒன் பரீட்சைக்குப் பாதி படித்தது அந்த வரிசையில் நின்றுதான்.
எல்லாம் வீடியோ காலால் வந்த வினை. ஊருக்குப் பேசுவதென்றால் அப்பா வீட்டுக்காரர் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். பின்னால் கிரானைட் படி, ரோஜாத் தொட்டி. நம் வீடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

மே 18.
புழுக்கம். அம்மாவிடம் கத்தினேன்.
"ஒங்கப்பா வாயத் தொறக்க மாட்டாக. தங்கச்சி முன்னாடி மானம் போயிருமாம். நீயும் கம்முனு இரு."
கவிதா பெட்டி அடுக்குகிறாள். "ஏ புள்ள, மாடியில எனக்கு எந்த ரூமு?" எழுந்து போனேன்.
ஹாஸ்டலில் சேர நாளை கடைசி நாள். விட்டால் அந்த இடமும் போச்சு. எங்கள் வீட்டில் ஒரு மாதம் தாங்க மாட்டாள். அப்புறம் படிப்பு? யாருக்காவது கவலை இருக்கிறதா?
சீப்பு இன்னும் வாங்கவில்லை.

மே 19.
சொல்லிவிட்டேன். காலையில், எல்லார் முன்னாலும்.
"அத்தை, அது ஓனர் மாடி. எங்க வீடு கீழ, ஒரே ரூம். நாலு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். கவிதா படுக்க இடமே இல்ல."
அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா இட்லியைப் பார்த்தார்.
"ஏண்ணே, எங்கிட்டயுமா?" அவ்வளவுதான். கவிதாவை இழுத்துக்கொண்டு தேனி பஸ்ஸுக்கு ஓடினாள்.
நான் செய்தது சரிதான். பிறகு எதற்கு இந்த அழுகை? எரிச்சலாக வருகிறது.

மே 20. பஸ்.
போடி தாண்டியாச்சு. கவிதாவின் வாய்ஸ் மெசேஜ்: "சேந்துட்டேன் புள்ள. கட்டில் குடுத்துட்டாக." தனிக் கட்டில்! மகராசி. அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:
"நாலு வீடுன்னு சொன்னியே ஆத்தா. ஆறு வீடுல்ல?"
ஆறுதான். எனக்கே தெரியாமல் இரண்டைக் குறைத்திருக்கிறேன்.