பதினோராவது ஓட்டு

மெட்டுகுடா
16.7.2024

அன்புள்ள தங்கச்சி லூர்துமேரிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன ஞாயிறு மேட்சுக்கு நீ வராததால் நடுவரைத் திட்ட ஆளில்லை.

சீதாராமன் சார் பெங்களூருக்கு மகளோடு போய்விட்டார். நம் கால்பந்து அணி லோகோ லெவனுக்கு மேனேஜர் இல்லை. வழக்கப்படி கடித ஓட்டுத்தான். "வாட்ஸ்அப்புல போட்டா ரெண்டு நிமிஷம்ப்பா" என்று என் மகன் ராகேஷ் சிரிக்கிறான். காஜிப்பேட்டைக்கும் குண்டக்கல்லுக்கும் மாற்றலாகிப் போன ரயில்வேக்காரர்கள் அன்று போட்ட விதி இது. கையால் எழுத வேண்டும், காரணமும் எழுத வேண்டும். காரணம் இல்லாத ஓட்டு செல்லாது.

மொத்தம் பதினோரு ஓட்டு. போட்டியில் இரண்டு பேர். ஒன்று நான். அதனால் செயலாளராக இருந்தும் நான் எண்ணக் கூடாது. மூத்த உறுப்பினர் நீ, எல்லாக் கடிதமும் உன் வீட்டுக்கே வரும். இன்னொன்று உங்கள் மல்லாபூரில் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் சுமலதாவாம். யார் அந்தப் பெயரைக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

முப்பத்தொரு வருஷம் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறேன், வலை தைத்திருக்கிறேன். ஒரு நாளாவது நான் அணியைத் தேர்ந்தெடுத்து இறக்க வேண்டும். வேறு ஆசை இல்லை. உன் ஓட்டு எனக்குத்தான் என்று தெரியும். ஆனாலும் கேட்பது மரியாதை.

அன்புடன்,
குமரவேல் அண்ணன்


மல்லாபூர்
20.7.2024

அன்புள்ள குமரவேல் அண்ணாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கு சுகம். முழங்கால் பாக்டரி படிக்கட்டில் மட்டும் சண்டை போடுகிறது.

சுமலதா பெயரைக் கொடுத்தது நான்தான். என் ஓட்டும் அவளுக்குத்தான். காரணம் எழுத வேண்டுமே, எழுதுகிறேன். போன சீசனில் நாம் பத்து மேட்சில் அடித்தது மூன்று கோல். இந்த வருஷமும் கடைசியில் வந்தால் லீக்கை விட்டே வெளியே. உங்கள் கோடு நேராக இருக்கிறது அண்ணா, ஊரே சொல்லும். நம் பையன்கள் ஓடுவதுதான் கோணல்.

கோபம் வரும், தெரியும். முகத்துக்கு நேரே பேசித்தானே எனக்குப் பழக்கம்.

தங்கை,
லூர்துமேரி


மெட்டுகுடா
24.7.2024

லூர்துமேரிக்கு,

உன் கடிதத்தைப் பாமாவிடம் காட்டவில்லை. உன் அண்ணி இரண்டு நாள் சாப்பிட மாட்டாள்.

அந்தப் பெண் எந்தப் பெரிய அணியில் ஆடினாள்? ஆண்கள் அணி அவள் பேச்சைக் கேட்குமா? நம் அணியில் சின்னசாமி ஒருவன் போதும், முதல் நாளே "நக்கோ, வேணாம்" என்று பூட்ஸைக் கழற்றிவிடுவான். உன் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் ஓடி வந்தது என்று நான் சொல்லிக்காட்ட மாட்டேன். சொல்லிக்காட்டியும் விட்டேன், மன்னித்துக்கொள். இப்படியெல்லாம் எழுத வைத்துவிட்டாயே.

குமரவேல்


மல்லாபூர்
30.7.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் வந்ததை நான் மறக்கவில்லை. சாகும் வரை மறக்க மாட்டேன். அந்தக் கடனை என் வீட்டில் கேளுங்கள், எதுவானாலும் தருகிறேன். கிளப்பைக் கேட்காதீர்கள்.

எண்ணுகிற ஆள் வாயைத் திறக்கக் கூடாது. திறக்கிறேன். பத்துக் கடிதம் வந்துவிட்டது. உங்களுக்கு ஐந்து, அவளுக்கு ஐந்து. பாக்கி உங்கள் ஓட்டு ஒன்றுதான். உங்கள் பெயரை நீங்களே எழுதலாம், விதியில் தடை இல்லை. காரணம் மட்டும் உண்மையாக இருக்கட்டும்.

எழுதுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு எங்கள் மைதானத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்கள். நான் கோயிலுக்குப் போய்விடுவேன், முகம் பார்க்க வேண்டுமே என்ற சங்கடம் வேண்டாம்.

லூர்துமேரி


மெட்டுகுடா
4.8.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

போய் வந்தேன். என் பெயர் எழுதிய ஓட்டு சட்டைப் பையில் இருந்தது. வரும் வழியில் தபால் பெட்டியில் போடுவதாக எண்ணம்.

மைதானத்தின் நாச்சாரம் பக்கத்துச் சுவர் ஓரம் உட்கார்ந்தேன். பதினாலு பெண்கள், ஏழு ஏழாகப் பிரிந்து நின்றார்கள். சுமலதா கையில் விசில்கூட இல்லை. பந்தைக் கோட்டுக்கு வெளியே வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "ஆடுங்க" என்றாள். பந்து இல்லாமல். பைத்தியம் என்று நினைத்து எழுந்துவிட்டேன்.

அவர்கள் ஆடினார்கள். ஒருத்தி வலது ஓரமாக ஓடினாள், இரண்டு பேர் அவளை மறிக்கப் போனார்கள். பின்னால் ஒருத்தி கையை உயர்த்திக் கேட்டாள், கிடைத்ததும் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பந்து தெரிய ஆரம்பித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், தெரிந்தது. குறுக்கே உயரமாகப் போனது. ஒரு குட்டைப் பெண் எகிறித் தலையால் தட்டினாள். கோல் காக்கும் கோலி தப்பான பக்கம் விழுந்தாள். நான் "கோல்" என்று கத்திவிட்டேன்.

மைதானமே திரும்பிப் பார்த்தது. வெட்கத்தில் எங்கே போவது என்று தெரியவில்லை. சுமலதா எழுந்து வந்தாள்.

"எந்தப் பக்கம் போச்சு அண்ணா?"

"இடது போஸ்ட் ஓரமா. தரையோட."

அந்தக் குட்டைப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ எங்க அடிச்ச?" என்று கேட்டாள்.

"இடது போஸ்ட் அக்கா. கீழே."

விழுந்து கிடந்த கோலியும், "ஹவ் அக்கா, ஆமா, அங்கேதான் போச்சு" என்றாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மேரி. இன்னும் அடங்கவில்லை. பதினாலு பேரும் அவளும் நானும் இல்லாத பந்தை ஒரே இடத்தில் பார்த்திருக்கிறோம். இத்தனை வருஷம் ஆட்டம் பார்க்கிறேன் என்று பெருமை பேசினேன், இப்படியொன்றைப் பார்த்ததில்லை. சின்னசாமி பூட்ஸைக் கழற்ற மாட்டான். இதைப் பார்த்தால் அவனும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான்.

பையில் இருந்த ஓட்டை அங்கேயே கிழித்துவிட்டேன்.

பாமாவிடம் சொல்லும்போது அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது? பொறாமையும் இருக்கிறது. நாளைக்கும் இருக்கும். வேறு யாருக்காவது விட்டுக்கொடுத்திருந்தால் தியாகம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன், இதில் அதற்கும் வழியில்லை. என் பெயரை எழுத ஒரு காரணம் தேடினேன். ஆசையைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

என் ஓட்டு சுமலதாவுக்கு. எண்ணிக்கொள்.

குமரவேல்
செயலாளர், லோகோ லெவன்